பெயரிடும் உரிமை: செய்நிரல் மொழியின் எழுத்ததிகாரம்

செய்நிரல் மொழியொன்றிற் புதிய கூறொன்றைச் சேர்ப்பது பொறியியலாளர்க்கே உரிய கருமம் என்ற எண்ணம் எமது தமிழ்த்துறைகளில் வேரூன்றியுள்ளது. இலக்கணம் பற்றிய வினாவொன்றைத் தமிழாய்வாளர் பிறரிடம் ஒப்படைத்து வாளாவிருப்பது விந்தையே. மனிதர் எழுதும் செய்நிரலைப் பொறி இயக்கத்தக்க வடிவிற்கு மாற்றுவது தொகுப்பி. அது முதலில் எழுத்துகளைச் சொல்லாகக் கூட்டும். பின்னர்ச் சொற்களின் தொடர்பை ஆராயும். அதன் பின்னரே பொருள் கொள்ளும். தொல்காப்பியம் கற்றவர்க்கு இவ்வரிசை அந்நியமானதன்று. (பொருளதிகாரத்தின் பொருள் வேறு என்பதை நாம் மறக்கவில்லை.)

மாறிகளுக்கு இலத்தீன் எழுத்தில் மட்டுமே பெயரிடலாம் என்ற விதியைத் தளர்த்துமாறு மார்ட்டின் ஃபொன் லோவிஸ் 2007இல் முன்வைத்த யோசனை, 2008 டிசெம்பரில் வெளிவந்த பைதன் 3இல் நடைமுறைக்கு வந்தது. எமது விசைப்பலகையில் இல்லாத எழுத்தை எவ்வாறு தட்டச்சிடுவது என்பது அதற்கு எதிராகக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. 'எமது' என்பதில் எவர் அடங்குவர் என்பதே இங்கு வினா. அதே யோசனை, மொழியின் நியம நூலகத்தினுள் ஆஸ்கி எழுத்துகளே இடம்பெறல் வேண்டும் என்றும் விதித்தது. முற்றம் திறந்தது, உள்வீடு திறக்கவில்லை.

கூகிள் 2009 நவம்பரில் வெளியிட்ட கோ மொழி அவ்வளவுதானும் செல்லவில்லை. யூனிகோட்டில் 'எழுத்து' என வகைப்படுத்தப்பட்டவை, இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவற்றால் ஆனதே பெயர் என்பது அதன் வரையறை. புள்ளி பெற்று நிற்பதே மெய்யின் இயல்பு என்பது தமிழ் மரபு. யூனிகோட்டோ, இந்தியாவில் 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி நியமத்தின் வழிநின்று, அகரமேறிய மெய்யை எழுத்தாகவும், புள்ளியையும் உயிர்க்குறிகளையும் பின்னொட்டும் 'குறி'களாகவும் கொண்டது. விளைவாக, கோ மொழியின் இலக்கணப்படி 'பல' பெயராகும், 'குளம்' ஆகாது. மேலும், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரே பொதியை விட்டு வெளிச்செல்லும் என்பது இன்னொரு விதி. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாத மொழிக்கு இவ்விதி வாயிலை அடைத்தமைக்குச் சதியெதுவும் தேவைப்படவில்லை; இலத்தீன் எழுத்துலகின் வழக்கத்தை உலகப் பொதுவிதியாகக் கொண்டமையே போதுமானதாயிற்று. கருத்துநிலை தொழிற்படும் விதம் இதுவே.

வன்னியின் ஊர்ப்பெயரொன்றைச் சான்றாகக் கொள்வோம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டு, 2009 சனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கியும் எறிகணைக்குத் தப்பாத ஊர். அதன் மருத்துவமனையும் தாக்குதலுக்கு உள்ளானது. அவ்வழிவைப் பதிவுசெய்த ஆங்கில ஆவணங்களில் இப்பெயர் ஒருபடித்தாக எழுதப்படவில்லை. எழுத்துக்கூட்டல் மாறின் பொறிக்கு ஊரும் வேறே. தமிழெழுத்தில் உள்ள இப்பெயரை மேற்கோட்குறிக்குள் இட்டுத் தரவாகத் தந்தால் கோவும் ஏற்கும். ஒரு மாறிக்குப் பெயராக இட்டால் பைதன் 3 ஏற்கும், கோ பிழையெனத் தள்ளும். எண்ணப்படும் பொருளாக இருப்பதற்கும் பெயரிடும் நிலையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கு தெற்றெனப் புலனாகும்.

பெயர்கள் இவ்வாறிருக்க, மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் பைதனிலும் ஆங்கிலமே. முத்தையா அண்ணாமலையின் 'எழில்' பற்றிய கட்டுரை வெளிவந்ததும் அதே 2009இல், யூலை மாதத்திலாகும். எழில் தொகுப்பியன்று, பைதனின் மேல் இயங்கும் மொழிமாற்றி. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொற்களை நிரப்பியதோடு அது நின்றிருப்பின் நாம் இங்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன் சிறப்பு தொடரமைப்பிலேயே உள்ளது. நிபந்தனை முன்னே வர, 'ஆனால்' என்ற சொல் பின்னே வரும். மடக்கிச் செய்யும் கட்டளையிலும் 'வரை' இறுதியிலேயே நிற்கும். இடமிருந்து வாசித்துச்செல்லும் பொறி, முதற் சொல்லைக் கண்டே தொடரின் வகையை அறிவது எளிது. வகையறியும் சொல்லைத் தமிழ் இறுதியில் வைத்துள்ளமையால், எழில் அத்தொடரின் தலையில் '@' என்ற குறியை இடுகின்றது. அக்குறி எமது கண்ணுக்கு உறுத்தலாகவே உள்ளது. எனினும், இரு இலக்கணங்கள் மோதிய இடத்தின் நேர்மையான தழும்பாக அதனை நாம் கொள்கின்றோம்.

எழிலின் குறைபாடு இலக்கணத்திலன்று, உற்பத்தி அடித்தளத்திலேயே உள்ளது. நூலகங்கள், கருவிகள், ஊதியம் தரும் தொழில் ஆகியன பின்னில்லாத மொழி வகுப்பறைப் பயிற்சியாகவே எஞ்சும். எமது நாட்டில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழிற் கற்கும் மாணவர் எழுதுவது பைதனிலேயே. அவர்கள் தம் மாறிகளுக்குத் தமிழிற் பெயரிட எந்தத் தொகுப்பியும் இன்று தடையன்று. அவ்வாறு பெயரிடக் கற்பிப்போரே அரியர். கோ மொழிக்கான திருத்த யோசனைகளோ பொதுவில் விவாதிக்கப்படுபவை. புள்ளி ஏன் எழுத்தின் உறுப்பு என்பதை அங்கு எடுத்துரைப்பதற்கு வேண்டிய கல்வி கணினித்துறையில் இல்லை. எமது துறைகளிலேயே உள்ளது.