தரவுத்தளத்தைச் செய்தி வரிசையாகப் பயன்படுத்துதல்: ஒரு திறனாய்வு

இணையச் செயலிகளில் மின்னஞ்சல் அனுப்புதல் போன்ற பின்னணிப் பணிகளை உறவுசார் தரவுத்தள அட்டவணையிலேயே வரிசைப்படுத்துவது தவறான முறை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஒரே பதிவை எடுக்கப் பல செயல்நிரல்கள் முயன்று, பூட்டு விலகும்வரை காத்து நின்றது முதன்மையான குறை. 2016இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.5, பூட்டப்பட்ட பதிவுகளைத் தாண்டிச் செல்லும் 'ஸ்கிப் லாக்டு' வசதியால் அக்குறையைக் களைந்தது.

விற்பனைப் பதிவும் அதற்கான மின்னஞ்சல் பணியும் ஒரே பரிவர்த்தனையில் சேமிக்கப்படுவது இம்முறையின் பெரும் நன்மை. இரண்டும் பதிவாகும், அல்லது இரண்டும் பதிவாகா. ரேபிட்எம்கியூ போன்ற தனி வரிசை மென்பொருளில் இவ்வுறுதி தானாகக் கிடைப்பதில்லை.

ஆயினும், முடிந்த பணிகளை ஓயாமல் நீக்குவதால் போஸ்ட்கிரெசில் காலாவதியான பதிவுகள் குவிகின்றன. நெடுநேரம் முடிவுறாத ஒரு பரிவர்த்தனை அவற்றின் துப்புரவைத் தடுத்துவிடும். எனவே பணிகள் மிகுந்த தளங்களுக்குத் தனி வரிசையே ஏற்றது. சிறு தளங்களுக்குத் தரவுத்தளமே போதுமானது.