முடியாத பிரதிக்கு ஜாமீன்

ஆகஸ்ட் வில்ஸனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய இரண்டு புலிட்ஸர் பரிசுகளிலிருந்து (1987, 1990) ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. பிரதிகள் அரைகுறையாகக் கிடந்த வருஷங்களில்தான் ஒரு நாடகாசிரியர் உருவாகிறார்.

கனெக்டிகட்டிலுள்ள யூஜின் ஓநீல் நாடக மையம் வில்ஸனின் பிரதிகளைப் பலமுறை திருப்பி அனுப்பியது. கடைசியில் 1982ல் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' ஏற்கப்பட்டது. அங்கே நடப்பது அரங்கேற்றம் அல்ல. நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே நடிக்கிறார்கள்; ஆசிரியர் கேட்கிறார், அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார். 1984ல் இந்த நாடகம் யேல் அரங்குக்கும் பிராட்வேக்கும் போனது.

நான் வங்கிக் குமாஸ்தா. ஜாமீன் இல்லாமல் கடன் கிடையாது என்பதை தினம் பத்துப் பேரிடமாவது சொல்கிறவன். முடியாத பிரதிக்கு யார் ஜாமீன்? யாராவது அதை நம்பியாக வேண்டும். ஆனால் நம்புகிறவர் யார் என்பதில்தான் சிக்கல்.

1967ல் டக்ளஸ் டர்னர் வார்டும் நண்பர்களும் ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணத்தில் நியூயார்க்கில் நீக்ரோ என்ஸெம்பிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் நாடகம் பீட்டர் வைஸ் என்ற வெள்ளையர் எழுதியது. கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயம்தான். ஆனால் அதே குழுதான் 1981ல் சார்லஸ் ஃபுல்லரின் 'எ ஸோல்ஜர்ஸ் ப்ளே'யை மேடையேற்றியது. மறு வருஷம் அதற்குப் புலிட்ஸர். இடைப்பட்ட வருஷங்களில் கறுப்பு எழுத்தாளர்களுக்குத் தங்கள் மேடை என்று ஒன்று இருந்தது.

1996ல் பிரின்ஸ்டனில் பேசிய வில்ஸன், ரெசிடெண்ட் தியேட்டர்கள் சங்கத்தின் 66 அரங்குகளில் கறுப்பர் அரங்கு ஒன்றே ஒன்றுதான் என்றார். விமர்சகர் ராபர்ட் புரூஸ்டைன் இதைப் பிரிவினைவாதம் என்றார். யேல் அரங்கை 1966ல் நிறுவியவர் இந்தப் புரூஸ்டைன்தான். அவர்கள் மேடையில் வளர்ந்தவர் அவர்களையே குறை சொல்லலாமா என்று கேட்பது சுலபம்.

எனக்கு இதில் சம்மதமில்லை. திருத்தும் வேளையில் ஒருவர் "இந்த இடம் புரியவில்லை" என்பார். அவருக்காக ஆசிரியர் ஒரு வரியை விளக்கமாக்குவார், ஒரு மௌனத்தை வெட்டுவார். அந்த ஒருவர் எப்போதும் வெளியாளாகவே இருந்தால் நாடகம் கொஞ்சம் கொஞ்சமாக மொழிபெயர்ப்பாகிவிடும். 1982ல் ஓநீல் மாநாட்டை நடத்தியவரும், பிறகு அந்த நாடகத்தை இயக்கியவரும் லாயிட் ரிச்சர்ட்ஸ். அவர் கறுப்பர். 1959லேயே லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்ஸின் இன் தி ஸன்' நாடகத்தை பிராட்வேயில் இயக்கியவர். வில்ஸனுக்கு அவர் கிடைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு ரிச்சர்ட்ஸ் அகப்படும் வரை காத்திருக்கச் சொல்வது உதவியாகாது. வில்ஸன் அன்று கேட்டது அரங்குகளை, சலுகையை அல்ல.