ஒரு நாயகன் போதாது

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நல்ல உபாத்தியாயர் ஒருவரைச் சிருஷ்டித்துவிட்டால் போதும், பாதிக் கதை தானாக நடந்துவிடும். அவருக்கு எதிரே சந்தேகப் பிராணியான ஓர் அதிகாரி, நம்பிக்கையில்லாத பெற்றோர்கள், வாலுப் பையன்கள் என்று நிறுத்திவிட்டால் மீதியை வாசகரே ஊகித்துக்கொள்வார். இந்தச் சௌகரியம் இலக்கியத்துக்கு நல்லதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு அது நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி வளர வேண்டும் என்ற திட்டத்தைத் தீட்டுவது அந்தக் குழுவின் பொறுப்பு. அதாவது, ஊர் கூடிக் கனவு காண வேண்டும். ஊர் கூடிக் கனவு காண்பது எப்படி என்று நமக்குக் காட்டிய புத்தகம் ஏதாவது உண்டா? இந்தக் கேள்வியோடு பிரசித்தமான மூன்று நூல்களைப் பார்க்கலாம்.

முதலாவது, குஜராத்தி மொழியில் கிஜுபாய் பதேகா எழுதிய 'பகல் கனவு'. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பவநகரில் குழந்தைகளிடையே வாழ்ந்தவர் அவர். அவருடைய லட்சுமிராம் என்ற உபாத்தியாயர், கல்வி அதிகாரியிடம் போய் நாலாம் வகுப்பை ஒரு வருஷத்துக்குத் தன்னிடம் விடும்படி கேட்கிறார். முதல் நாளே அவர் போட்ட திட்டம் பலிக்கவில்லை. பையன்களின் கூச்சலில் கரைந்துபோகிறது. கதை சொல்லத் தொடங்கிய பிறகுதான் வகுப்பு அவர் வசமாகிறது. தோல்வியை மறைக்காத இந்த நேர்மைதான் புத்தகத்தின் பலம். ஆனால் அவர் பெற்றோர்களைக் கூட்டத்துக்கு அழைக்கும் இடத்தைக் கவனியுங்கள். மிகச் சிலரே வருகிறார்கள். லட்சுமிராமுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஆசிரியர் அந்த இடத்தில் நிற்காமல் மேலே போய்விடுகிறார். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் அது வேறொரு நாவலாகியிருக்கும். இன்னும் பெரிய நாவலாகவும் இருந்திருக்கும்.

இரண்டாவது, ஜப்பானியப் பெண்மணி டெட்சுகோ குரோயானகி 1981ல் வெளியிட்ட 'டோட்டோ-சான்'. டோக்கியோவில் 1937ல் கோபயாஷி தொடங்கிய டோமோயே பள்ளியைப் பற்றிய நினைவுகள் இவை. வகுப்பறைகளுக்குப் பதில் பழைய ரயில் பெட்டிகள்! புதிதாகச் சேர வந்த சிறுமி பேசுவதை நாலு மணி நேரம் அலுக்காமல் கேட்கும் தலைமை ஆசிரியர்! படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறோர் இடம். பக்கத்து வயலில் வேலை செய்யும் குடியானவரை அழைத்து வந்து, இன்றைக்கு இவர்தான் உங்கள் ஆசிரியர் என்று குழந்தைகளிடம் நிறுத்துகிறார் கோபயாஷி. ஊர் பள்ளிக்குள் நுழைவது இப்படித்தான். கையில் சந்தா ரசீதோடு அல்ல, தனக்குத் தெரிந்த வித்தையோடு. இருந்தாலும் யாரை அழைப்பது, எதற்கு அழைப்பது என்பதை முடிவு செய்கிறவர் கோபயாஷி ஒருவரே. 1945ல் குண்டு வீச்சில் பள்ளி எரிந்தது. அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று அந்த நெருப்பின் எதிரில் நின்றபடியே மகனிடம் கேட்கிறார் அவர். உள்ளத்தை உலுக்கும் கட்டம். ஆனால் டோமோயே பழையபடி எழவே இல்லை. ஒருவர் தலைக்குள் இருந்த கனவுக்கு நேரும் கதி இது.

மூன்றாவது புத்தகத்துக்கு நாயகனே கிடையாது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்கு அப்பால், மலையில் ஒரு குக்கிராமம், பார்பியானா. பாதிரியார் லோரன்ஸோ மிலானி அங்கே நடத்திய பள்ளியின் மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி, 1967ல் வெளிவந்தது 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. ஏழைப் பிள்ளைகளைப் பெயிலாக்கி வெளியே தள்ளும் பள்ளியின் மேல் அவர்கள் சுமத்தும் குற்றப்பத்திரிகை அது. கோபம் மிகுந்த புத்தகம். சில இடங்களில் அநியாயமான புத்தகம் என்றுகூடச் சொல்லலாம். கடிதம் ஆசிரியைக்கு என்றாலும், புத்தகம் பெற்றோர்களுக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் ஒன்று சேருங்கள் என்பதே அதன் அழைப்பு.

அதை அவர்கள் எழுதிய விதம்தான் நமக்கு முக்கியம். தோன்றியதையெல்லாம் தனித் தனித் தாளில் குறித்துக்கொண்டார்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் தாள்களை ஒன்றாக அடுக்கினார்கள். வேண்டாததைக் கழித்தார்கள். யாருக்கும் புரியாத வார்த்தையை எடுத்துவிட்டுப் புரியும் வார்த்தையைப் போட்டார்கள். மேதாவி ஒருவர் எழுத, மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட சமாசாரம் அல்ல இது. புத்தகம் வந்த மறுமாதமே மிலானி தமது 44ம் வயதில் காலமானார். பள்ளியும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அந்த முறை பிழைத்துக்கொண்டது. தாளும் பொறுமையும் இருந்தால் எந்த ஊரிலும் அதைச் செய்து பார்க்கலாம்.

நம் ஊர்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது 1958ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். பெருமைப்பட வேண்டிய சரித்திரம். ஊரிடம் பொருள் கேட்க நமக்குக் கூச்சமில்லை. யோசனை கேட்கத்தான் கூச்சம். நாற்று நட்டுவிட்டு வரும் தாய்க்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு, படித்தவர்களாகிய நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகளைக் கட்டணம் கட்டி வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஊர்ப் பள்ளியைப் பற்றி அபிப்பிராயம் மட்டும் வைத்திருக்கிறோம்.

அந்தத் தாய்க்குத் தெரிந்த விஷயங்கள் உண்டு. பெண் எந்த மாதத்தில் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறாள், எந்தப் பாதையில் வரப் பயப்படுகிறாள், எந்த வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். திட்டத்தின் முதல் தாள் அவளுடையதாக இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் எழுதி முடித்த தாளில் அவள் கைநாட்டு மட்டும் விழுந்தால், சட்டம் நிறைவேறியிருக்கும், கனவு பிறந்திருக்காது.

கிஜுபாயையும் கோபயாஷியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அத்தகையவர்கள் கிடைப்பது ஊரின் பாக்கியம். ஆனால் பாக்கியத்தை நம்பி ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்த முடியாது. கதைக்கு ஒரு நாயகன் போதும். பள்ளிக்கூடத்துக்கு ஊரே வேண்டும்.