இப்திகாரும் இஹ்திகாரும்: விலைக்குறைப்பு பற்றி ஒரு மறுவாசிப்பு

அண்மையில் எங்கள் வகுப்பில் ‘கிதாபுல் புயூஃ’ என்னும் வணிகவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், பதுக்கி வைத்து விலையேற்றுவது பாவம் என்று ஓதுகிறோம். விலையைக் குறைப்பதும் பாவமாகுமா?” என்று கேட்டார். அவருடைய அத்தா கடைவீதியில் சிறிய மளிகைக் கடை நடத்துபவர். கைப்பேசியில் பதிந்து வாசலில் பொருள் பெறும் வழக்கம் பரவியபின், கையில் ரொக்கம் இருக்கும் வாரங்களில் வாடிக்கையாளர்கள் அங்கே போய்விடுகிறார்களாம். ரொக்கம் தீர்ந்த வாரங்களில் மட்டும் கணக்கு நோட்டைத் தேடி இவரிடம் வருகிறார்களாம். கேள்வி எளியது, விடை எளியதன்று.

நிலைபெற்ற தொழில்களைப் புதியவர்கள் வந்து நிலைகுலையச் செய்வதை இன்றைய வணிக உலகம் ‘டிஸ்ரப்ஷன்’ என்கிறது. தமிழில் சீர்குலைவு என்றால் அது பழிச்சொல். வணிக உலகிலோ அது புகழ்மொழி. அரபு எழுத்தாளர்களும் இதனை மொழிபெயர்க்கத் தடுமாறியிருக்கிறார்கள். சிலர் ‘தக்ரீப்’ (பாழாக்குதல்) என்னும் சொல்லிலிருந்தும், வேறு சிலர் ‘ஸஃஸஆ’ (உலுக்குதல்) என்னும் சொல்லிலிருந்தும் பெயரிட்டனர். இரு பெயர்களிலும் முன்சொல்லாக நிற்பது ‘இப்திகார்’, அதாவது புத்தாக்கம். இச்சொல்லின் ‘பா’ என்னும் எழுத்தை எடுத்துவிட்டு ‘ஹா’வை வைத்தால் ‘இஹ்திகார்’ ஆகிவிடும்; அது பதுக்கலும் ஏகபோகமும் ஆகும். வேர்கள் வெவ்வேறானவை. எனினும், ஓரெழுத்துத் தொலைவில் நிற்கும் இவ்விரண்டையும் பிரித்தறிவதே நம்முன் உள்ள வினா.

இக்கோட்பாட்டை உலகறியச் செய்தவர் ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். 1995-இல் ஜோசப் பவருடன் இணைந்து எழுதிய கட்டுரையிலும், 1997-இல் வெளியிட்ட நூலிலும் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பெரிய நிறுவனங்கள் தம் உயர்நிலை வாடிக்கையாளரையே கவனித்துக்கொண்டிருக்கும், அவை புறக்கணித்த அடித்தட்டுச் சந்தையில் ஒருவர் மலிவான, எளிய பொருளோடு நுழைவார், பிறகு படிப்படியாக மேலேறி அவற்றை வீழ்த்துவார். இது மேலோட்டமான கருத்தன்று. ஊபர் வாடகைக்கார் நிறுவனத்துக்குத் தம் கோட்பாடு பொருந்தாது என்று 2015-இல் அவரே சக ஆய்வாளர்களுடன் எழுதினார். அவர் காட்டிய சான்றுகளின் வலிமையை வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் 2014-இல் கேள்விக்குள்ளாக்கினார். என் மறுப்பு வேறு வகையானது. இக்கோட்பாட்டில் பழைய நிறுவனம் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கிறது. அது விழித்திருந்தால் என்ன நடக்கும்? அதன் பணப்பெட்டியும், அதற்குத் துணைநிற்கும் அரசும் களத்தில் இறங்கினால் என்ன ஆகும்?

விடைக்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வினவிய மாணவரின் ஊரிலேயே சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1925 ஜூலை 23 அன்று அவர் மறைந்தது பாப்பாரப்பட்டியில்தான். கடல் காணாத அவ்வூருக்கும் தூத்துக்குடியில் நடந்த கப்பல் போருக்கும் அவர் வழியாக ஓர் உறவு உண்டு.

தூத்துக்குடி–கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. அதற்கெதிராக வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது ஐந்தில் ஒரு பகுதியை, 2 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். நம் சமுதாய வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத செய்தி இது. பாய்மரக் கப்பல்களால் செழித்த காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களின் வருகையால் நலிந்ததை நாம் நினைவுகூர்கிறோம். அந்த நீராவியையே கையிலெடுத்துப் போட்டியிட்ட முயற்சியில் நமக்கு இருந்த பங்கை நினைவுகூர்வதில்லை.

பழைய நிறுவனம் உறங்கவில்லை. சுதேசி நிறுவனத்துக்கு வாடகைக்குக் கப்பல் தந்த பம்பாய் நிறுவனத்தை அது நெருக்கி, கப்பலைத் திரும்பப் பெறச் செய்தது. 1907-இல் சுதேசியினர் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கினர். பிரிட்டிஷ் நிறுவனம் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவாக்கியது. ஈற்றில் பிரிட்டிஷ் நிறுவனம் இலவசப் பயணமும் உடன் ஒரு குடையும் தர முன்வந்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதுவும் போதாதபோது அரசு வந்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது; காலியா கப்பல் போட்டி நிறுவனத்திடமே விற்கப்பட்டது. சிறையில் தொழுநோய் பற்றிய சிவாவுக்கு, விடுதலைக்குப் பின் இரயில் பயணமும் மறுக்கப்பட்டது. அவர் நடந்தே ஊர் ஊராகச் சென்றார்.

இங்கே விலையைக் குறைத்தவர்கள் இருவர். எட்டணா வாங்கியவரும் குறைத்தார். குடை கொடுத்தவரும் குறைத்தார். மலிவு என்ற அளவுகோல் ஒன்றை மட்டும் கொண்டு பார்த்தால், குடை கொடுத்தவரே பெருங்கொடையாளர். அந்த அளவுகோல் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதை அறியாதவை அல்ல. மதீனாவின் சந்தையில் ஹாத்திப் இப்னு அபீ பல்த்தஆ (ரலி) உலர்திராட்சையை மலிவாக விற்றபோது, விலையை உயர்த்துமாறும் இல்லையேல் சந்தையை விட்டு அகலுமாறும் உமர் (ரலி) கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்கிறார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இதனை வேறாகக் கண்டார்கள். உமர் (ரலி) பின்னர் ஹாத்திபின் இல்லம் சென்று, தாம் சொன்னது கட்டளையோ தீர்ப்போ அன்று, விரும்பியவாறு விற்கலாம் எனத் தெளிவுபடுத்தியதாக ஓர் அறிவிப்பைக் காட்டினார்கள். தம் பொருளுக்கு விலை சொல்லும் உரிமை உடையவருக்கே என்பது அவர்கள் நிலை. எங்கள் பகுதியினர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபு, வணிகர்கள் வரம்பு மீறி விலையேற்றும்போது மட்டும், வல்லுநரின் ஆலோசனையுடன் அரசு தலையிட இடமளிக்கிறது.

இவ்விவாதத்தில் பலர் கவனியாத ஒன்று உண்டு. இமாம் மாலிக் விலைக்குறைப்பு பற்றிய அச்செய்தியை வைத்திருப்பது பதுக்கலைப் பற்றிய பாடத்தில்! அதற்கு முன்னும் பின்னும் நிற்பவை, பதுக்கலைத் தடுத்த உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் செய்திகள். இதற்கு விரிவுரையாளர்கள் வேறு காரணங்களும் கூறக்கூடும். எனினும், மிகு மலிவும் மிகு விலையும் ஒரே கதவின் இரு பக்கங்களாக இருக்கலாம் என்பதை இந்த வைப்புமுறை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

நம் காலத்துக்கு வருவோம். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் 2017 மார்ச் வரை நீண்ட இலவசச் சேவையோடு கைப்பேசித் துறையில் நுழைந்தது. இதற்கெதிராக ஏர்டெல் தொடுத்த முறையீட்டை 2017-இல் இந்தியப் போட்டி ஆணையம் தள்ளியது. புதிதாக நுழைந்தவரைச் சந்தையில் மேலாதிக்கம் உடையவராகக் கொள்ள இயலாது என்றது. 2018-இல் ஏர்செல் நொடித்தது. வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. 2019 டிசம்பரிலும் 2024 ஜூலையிலும் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணங்களை உயர்த்தின. இதில் நன்மையை மறைத்தல் நீதியாகாது. இணையத் தரவின் விலை 2016-க்கு முன்பிருந்ததைவிட இன்றும் மிகக் குறைவு. குக்கிராமத்துச் சிறுமியும் கைப்பேசியில் பாடம் கேட்கிறாள். இப்திகார் நிகழ்ந்தது மெய். ஆனால், பலர் நின்ற களத்தில் சிலரே எஞ்சியதும் மெய்யே.

ஆகவே அளவுகோல் விலையன்று, வாயில். மலிவாக விற்றவர் தமக்குப் பின் வருவோர்க்கும் வாயிலைத் திறந்து வைத்தாரா, உள்ளே நுழைந்ததும் தாழிட்டாரா என்பதே வினா. நட்டத்தைத் தாங்கும் பணப்பெட்டியே ஆயுதமானால், அங்கே வெல்வது திறமையன்று. செயல்கள் அவற்றின் நோக்கத்தால் அமைகின்றன என்னும் நம் சட்டவிதியும், தீங்கு செய்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் ஆகா என்னும் நபிமொழியின் கருத்தும் இங்கே பொருத்திப் பார்க்கப்பட வேண்டும். விலையேற்றம் குறித்து நுணுகி ஆய்ந்த நம் உலமாக்கள், வெளியேற்றும் நோக்குடைய விலைக்குறைப்பையும் தனித் தலைப்பாக எடுத்து ஆய்வது இன்றைய கடமை.

மாணவருக்கு நான் ஃபத்வா எதுவும் சொல்லவில்லை. முவத்தாவின் அந்தப் பாடத்தையும் சுதேசிக் கப்பலின் வரலாற்றையும் சேர்த்துப் படித்துவரச் சொன்னேன். அவர் விடவில்லை: “அதுவரை அத்தா என்ன செய்வார், ஹஜ்ரத்?”

இக்கேள்வி சட்ட அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. குடையைப் பெற்றுக்கொண்டு கப்பலேறிய பயணியை நாம் பழிக்க முடியாது. அவர் ஏழையாக இருந்திருக்கலாம். ஆனால், கணக்கு நோட்டை நம்பி வாழும் நாம், கையில் ரொக்கம் இருக்கும் நாளிலும் அந்தக் கடைப்படியை ஏறுகிறோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். இதற்கு எந்த ஆணையத்தின் தீர்ப்பும் வேண்டியதில்லை.