பச்சை எரிந்தால் போதுமா?

"அப்பா, பச்சை வந்துடுச்சு. ஆனா கேக்க நல்லாவே இல்ல. எனக்குத்தான் காது சரியில்ல போலிருக்கு."

சொல்லிவிட்டு என் மகள் உகுலேலேயை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். 1879-ல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறிய போர்த்துகீசியர்கள் கொண்டுபோன குட்டி வாத்தியத்தின் வாரிசு இது. நாலே தந்தி. எங்கள் வீட்டில் மூன்றே வாரத்தில் ரிட்டயர் ஆகப் பார்த்தது.

சுருதி சேர்க்க 350 ரூபாய்க்கு ஒரு கிளிப் ட்யூனர் வாங்கியிருந்தேன். துணி கிளிப் மாதிரி வாத்தியத்தின் தலையைக் கவ்விக்கொள்ளும். மரத்தின் அதிர்வை வைத்து ஸ்வரத்தைக் காட்டும். சரியாக இருந்தால் பச்சை. எடுத்துப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்தில் 'கிட்டார்' என்றிருந்தது!

உகுலேலே தந்திகள் ஜி, சி, இ, ஏ. கிட்டாரில் சி தந்தியே கிடையாது. அதனால் மெஷின் அதைப் பக்கத்து ஸ்வரமான 'பி' என்று எடுத்துக்கொண்டு, இறக்கு இறக்கு என்றிருக்கிறது. இவளும் இறக்கியிருக்கிறாள். பச்சையும் எரிந்திருக்கிறது. ஆக, காதில் கோளாறே இல்லை. அது சரியாகத்தான் புகார் சொல்லியிருக்கிறது.

நான் பி.காம். விலையைப் பார்க்காமல் எதையும் எடைபோட வராது. செல்போன் ஆப் இலவசம். வீட்டுக்கு அது போதும். ஆனால் அது மைக்கில் கேட்பதால், பத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சுருதி சேர்க்கும் வகுப்பில் குழம்பிவிடும். அங்கே கிளிப்தான் உசத்தி. விலை கூடிய ட்யூனர்கள் அரை ஸ்வரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை துல்லியம் என்று பெருமையடிக்கும். புது நைலான் தந்தியோ முதல் சில நாள் இழுபட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும். ஓடுகிற பஸ்ஸில் நகைத் தராசு எதற்கு?

பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். உகுலேலேக்குத் தனி மோட், அல்லது பன்னிரண்டு ஸ்வரங்களையும் காட்டும் குரோமேட்டிக் மோட். வெளிச்சத்திலும் தெரிகிற பெரிய எழுத்து. எந்தக் கடையிலும் கிடைக்கும் 2032 பட்டன் பேட்டரி. இவை இருந்தால் மலிவே போதும்.

ஆனால் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் ட்யூனரிடம் ஒரு குறை. காதின் வேலையைக் கண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. தம்புராவோடு சுருதி சேர்க்கும் பிள்ளைக்குக் காது தானாகப் பழகும். பச்சையைப் பார்த்தே சேர்க்கும் பிள்ளைக்கு?

அதனால் எங்கள் வீட்டில் இப்போது புது ஏற்பாடு. மெஷினிடம் 'ஏ' மட்டும் கேட்க வேண்டும். 'இ' தந்தியின் ஐந்தாம் கட்டை அந்த ஏ-யோடு சேர வேண்டும். 'சி'யின் நாலாம் கட்டை, இ-யோடு. 'இ'யின் மூன்றாம் கட்டை, ஜி-யோடு. எல்லாம் காதால். கடைசியில் மெஷினில் சரிபார்த்துக்கொள்ளலாம், ஆடிட்டர் மாதிரி.

நேற்று திருகிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இப்ப சரிப்பா."

மெஷினை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பச்சை!