ஊரியின் பாட்டும் எமது காதுகளும்

'மீன் பாடும் தேன் நாடு' என்ற தொடரை நானும் மூன்று கவிதைகளில் எழுதியிருக்கிறேன். மூன்றையும் எழுதியபோது அந்தப் பாட்டை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கல்முனையிலிருந்து கல்லடிப் பாலம் நாற்பது கிலோமீற்றருக்குள்தான். ஆனால் எமது தலைமுறை எழுத வந்தது யுத்த காலத்தில். இரவில் வாவியில் தோணி விடுவதை அன்று யார் நினைத்துப் பார்த்திருப்பார்? 2009 இல் யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு பௌர்ணமி இரவில்தான் அது வாய்த்தது. அந்த இரவை அளவுகோலாக வைத்து, இவ்வாவியின் இசையைப் பதிந்த இரு எழுத்துகளை மீள வாசித்ததன் விளைவே இக்குறிப்பு.

நாங்கள் நால்வர். இயந்திரம் பூட்டிய பைபர் தோணி வேண்டாமென்று, தோணிக்காரரின் தகப்பன் காலத்து மரத்தோணியையே கேட்டு ஏறினோம். 1924 இல் கட்டப்பட்ட பழைய பாலத்தைத் தாண்டியதும் அவர் சவள் வலிப்பதை நிறுத்தினார். "கதைக்கப்படா தம்பி" என்றார். அரை மணி நேரம் வாகன இரைச்சல் மட்டுமே. பிறகு சவளின் ஒரு நுனியை நீரில் இறக்கி, மறுநுனியில் காதை வைக்கச் சொன்னார்.

கேட்டது. அடுத்த வீட்டில் யாரோ நரம்புகளைச் சுருதி கூட்டிப் பார்ப்பதுபோல முதலில் ஒன்று, அதற்குக் கீழே தடித்த இன்னொன்று, பிறகு எண்ணமுடியாதவை. குனிந்து தோணிப் பலகையில் காதை ஒட்டினேன். ஒலி பெருகியது. நாங்கள் அமர்ந்திருந்த மரமே வாத்தியமாகிவிட்டது.

ஆங்கிலேய ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1848 இல் இதே வாவியில் நிலவில் தோணியேறிக் கேட்டவர். 1859 இல் வெளிவந்த தமது நூலில் அதை எழுதினார். தோணி மரத்தில் காது வைத்தால் ஒலி கூடுவதையும், இடத்துக்கிடம் அது மாறுவதையும், பல நுண்ணொலிகள் கலந்திருப்பதையும் அவர் தவறவிடவில்லை. மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனையல்ல, ஊரியை. அதையும் மறைக்காமல் எழுதினார்.

மற்றவர் எமது அயலூரான காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவரது 'நீரரமகளிர்' இவ்வொலியை நீருறை மகளிரின் இசையாகக் காண்கிறது. கண்ணால் கண்டதை எழுதிய டெனன்றே மேல், அடிகள் கற்பனைக்குள் ஒதுங்கிவிட்டார் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். தோணிப் பலகை அந்த எண்ணத்தை மாற்றியது. யாழின் ஒலியைப் பெருக்குவது பத்தர் என்னும் குடைந்த மரப்பகுதி. வாவியின் ஒலியை எமக்குப் பெருக்கித் தந்ததும் குடைவான ஒரு மரம்தான். மறைந்துபோன யாழைத் தேடி 1947 இல் 'யாழ் நூல்' தந்த ஒருவருக்கு, இந்த ஒலி வெறும் உயிரினச் சத்தமாக எப்படிக் கேட்கும்? சுருதிகளின் கூட்டமாகத்தானே கேட்கும்! அவரது மகளிர் அலங்காரமல்ல. இசையறிந்த காதின் தீர்ப்பு.

இருவரிடமும் உழைப்பு இருக்கிறது. பின்வந்த நாம்தான் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டோம். இன ஒற்றுமைக் கவிதையென்றால் ஒரு பாடும் மீன், ஊர்ப் பெருமையென்றால் இன்னொன்று. தமிழரும் முஸ்லிம்களும் இதில் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறோம். மீனவர் சொன்ன ஊரி எமது கவிதைகளுக்குள் வரவேயில்லை.

இது மனமயக்கம் என்போருக்கு ஒன்று: 1950களில் லாங் என்ற இயேசு சபைப் பாதிரியார் இவ்வொலியைப் பதிவுசெய்தார். எந்த உயிர் பாடுகிறது என்பது இன்றுவரை ஐயமறத் தீர்க்கப்படவில்லை. ஒலி இருப்பதில் ஐயமில்லை.

திரும்பும்போது தோணிக்காரர் சொன்னார்: "வாப்பா காலத்துல, ஆண்டவன் காலத்துல எண்டு நீங்க சொல்லுவீங்களே, அப்படி எங்கட அப்பா காலத்துல சவள் இல்லாமலே கேட்டது. இப்ப தேடித்தான் கேக்கணும்."

தேடாமல் எழுதிய அந்த மூன்று கவிதைகளையும் வரவிருக்கும் என் தொகுதியிலிருந்து நீக்கிவிட்டேன்.