பெரியாவைச் சுட்டவர்களின் கையெழுத்து

சென்ற விடுமுறைக்கு வந்திருந்த என் மகனோடு உட்கார்ந்து ‘தி டெத் ஆஃப் ஸ்டாலின்’ படத்தைப் பார்த்தேன். அர்மாண்டோ யனுச்சி 2017இல் இயக்கிய ஆங்கிலப் படம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முடிந்ததும் அவன், “அப்பாடா, அந்த ஆள் ஒழிஞ்சான். இனிமே அவங்களுக்கு நல்ல காலம்தானேப்பா?” என்றான். இக்கட்டுரைக்கு அந்தக் கேள்வியே காரணம்.

அந்த ஆள் லவ்ரெந்தி பெரியா. 1938 நவம்பரில் சோவியத் ரகசியப் போலீஸின் தலைவரானவர். அதே நாற்காலியில் முன்பு இருந்த யகோதா 1938இலும், யெஷோவ் 1940இலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரியா மட்டும் ஸ்டாலின் உள்ளவரை தப்பினார். படத்தில் சைமன் ரஸ்ஸல் பீல் பெரியாவாகவே மாறிவிடுகிறார். குழைந்து பேசும்போதுதான் அதிகம் பயமுறுத்துகிறார்.

என் குறை காலக்கணக்கில். படத்தில் ஸ்டாலினின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு பெரியாவைப் பிடித்து, அவசரமாக விசாரித்து, சுட்டு எரித்துவிடுகிறார்கள். உண்மையில் ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச் 5. பெரியா கைதானது ஜூன் 26. சுடப்பட்டது டிசம்பர் 23.

சினிமாவுக்குச் சுருக்கம் வேண்டும், சரி. ஆனால் சுருக்கியதில் முக்கியமான ஒன்று நழுவிவிட்டதே! கைதுக்கும் தோட்டாவுக்கும் நடுவே ஆறு மாதம் காகித வேலை நடந்தது. மார்ஷல் கோனெவ் தலைமையில் மூடிய நீதிமன்றம். வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை. 1934 டிசம்பரில் கீரொவ் கொலையையொட்டி வந்த சட்டத்தின் முறை அது. எத்தனையோ அப்பாவிகளை விழுங்கிய அதே சட்டம். ஆத்திரத்தில் செய்ததென்று படம் காட்டுவதை, ஆற அமர உட்கார்ந்து செய்தார்கள்.

சக தலைவர்களைப் பற்றிய ஆவணங்கள் தன்னிடம் இருப்பதாகப் பெரியா மிரட்டும் காட்சி ஒன்று உண்டு. என்ன ஆவணம் அது? 1992இல் வெளியான ஒன்றைச் சொல்கிறேன். போலந்துக் கைதிகளைச் சுட்டுவிடலாம் என்று பெரியா 1940இல் எழுதிக் கொடுத்த கடிதம். அதன்மேல் ஸ்டாலின், வொரோஷிலோவ், மொலோதோவ், மிகோயான் நால்வரின் கையெழுத்து. கத்தின் காட்டிலும் பிற இடங்களிலும் சுமார் 22,000 பேர் கொல்லப்பட்டார்கள்.

அந்த நால்வரில் மூவர் 1953இலும் பெரிய பதவிகளில் இருந்தவர்கள். பெரியாவை அந்நிய உளவாளி என்று சொன்ன குற்றப்பத்திரிகை கத்தினைத் தொடவில்லை. தொட்டால் தங்கள் கையெழுத்தும் வெளியே வந்துவிடுமே!

பிறகு பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்கு, பெரியா பக்கங்களை வெட்டிவிட்டுப் பெரிங் கடல் பற்றிய பக்கங்களை ஒட்டச் சொல்லித் தாள்கள் போயின. கையெழுத்திட்ட மூவரும் முதுமையில் இயற்கையாகவே இறந்தார்கள். மொலோதோவ் 96 வயதுவரை இருந்தார்.

இதையெல்லாம் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. படத்தை நீங்களும் பாருங்கள், நன்றாகச் சிரியுங்கள். கையோடு வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆறு மாதத்தையும் சொல்லிவிடுங்கள்.